கொடியை எரித்தால் மரியாதையா, அவமானமா? இரண்டும்தான்!

(திரையில்: இரவு. சின்னத் தீ. சுற்றி நீலத் தொப்பியோடு முதியவர்கள். ஒலி இல்லை.)

இந்தக் காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தீயில் போவது அமெரிக்கக் கொடி. போடுகிறவர்கள் யார் தெரியுமா? அதே கொடியின் கீழ் ராணுவத்தில் இருந்தவர்கள். கோஷம் இல்லை, கைது இல்லை. எல்லோரும் சல்யூட் அடித்தபடி நிற்கிறார்கள்.

வணக்கம் மக்களே! பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அமெரிக்கன் லீஜியன் என்பது முன்னாள் படைவீரர் சங்கம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், அமெரிக்கப் படையினர் பாரிஸில் கூடித் தொடங்கியது. கொடி நைந்துபோனால் கண்ணியமாக அழிக்க வேண்டும், எரிப்பதே நல்லது என்கிறது அமெரிக்கக் கொடிச் சட்டம். எப்படி எரிப்பது? அதைச் சொல்லவில்லை. 1937இல் லீஜியன் அதற்கென்று ஒரு சடங்கை ஏற்றுக்கொண்டது. போதும், விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: எதிரெதிராக இரண்டு வரிசைகள், நடுவில் பாதை.)

இந்தச் சடங்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், எரிக்கும் முன் கொடிகளுக்கு ஒரு விசாரணை நடக்கிறது! பழைய கொடிகளை முதலில் இரண்டாம் துணைத் தலைவரிடம் கொண்டுபோகிறார்கள். நாட்டின் சின்னமாக வழக்கம்போல் பறந்துதான் நைந்தனவா என்று அவர் கேட்கிறார். மறைந்த தோழர்களின் கல்லறைகள்மேல் பறந்து நைந்தவை என்று பதில் வருகிறது. சரி, அடுத்தவரிடம் போ. முதல் துணைத் தலைவரும் பார்க்கிறார். அப்புறம் தலைவர். பட்டா மாற்றப் போனால் இந்த மேஜை, அந்த மேஜை என்று நாம் அலைவோமே, கிட்டத்தட்ட அதேதான். என்ன, இங்கே யாரும் டீ செலவுக்குக் கேட்பதில்லை.

மூன்று பேரும் சரி என்ற பிறகு பிரார்த்தனை. பிறகு பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பு முழங்க, கொடிகளை மண்ணெண்ணெயில் நனைத்துத் தீயின்மேல் உள்ள கம்பித் தட்டில் வைக்கிறார்கள். முப்பது வருடம் வேலை பார்த்த மனிதருக்கே சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இந்தத் துணிக்குக் கிடைக்கிற வழியனுப்பலைப் பாருங்கள்!

அந்தத் தொப்பி என்ன என்று கேட்பீர்கள். காகிதக் கப்பலைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். நீலத் துணி, தங்க நிறக் கரை. வெயிலுக்குப் போடுகிற தொப்பி இல்லை இது, சீருடைக் கணக்கு. கூட்டம், விழா, தோழர்களின் இறுதிச் சடங்கு போன்ற இடங்களுக்கு மட்டும்தான். தேசிய கீதம் ஒலித்தால் மற்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றி இடது தோளருகே பிடிக்க வேண்டும், வலது கை நெஞ்சின்மேல் வரும்படி. இவர்கள் கழற்றுவதில்லை, தொப்பியோடு சல்யூட். சீருடையில் இல்லாத முன்னாள் வீரரும் சல்யூட் அடிக்கலாம் என்று சட்டத்தில் எழுதியதே 2008இல்தான். ஆனால் பிரார்த்தனை என்றதும் தொப்பி வலது கைக்கு வந்து நெஞ்சின்மேல் உட்காரும். தேசிய கீதத்துக்குக் கழறாதது கடவுளுக்குக் கழறுகிறது!

இன்னொரு சின்ன விஷயம்: கொடி தரையில் பட்டுவிட்டாலே எரித்துவிட வேண்டும் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். தப்பு. அழுக்கென்றால் துவைத்துப் பறக்கவிடலாம்.

இதுவரை பார்த்தவர்கள் ஒரு லைக் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அடுத்தது நம் வீட்டுக் கதை.

இந்தியக் கொடி விதித்தொகுப்பு, 2002, என்ன சொல்கிறது? சேதமான கொடியை முழுதாக, தனிமையில் அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது. 'முழுதாக', 'தனிமையில்', இந்த இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். அமெரிக்காவில் சில சாரணர் குழுக்கள் கோடுகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துத் தீயில் இடுகிறார்கள். நட்சத்திரம் இருக்கும் நீலப் பகுதியை மட்டும் வெட்டுவதில்லை. இங்கே அந்த வேலையே கூடாது. தனிமை ஏன்? தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971, பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையிலோ கொடியை எரிப்பதைக் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை. அங்கே பியூகிள் ஊதி ஊரைக் கூட்டிச் செய்வதை இங்கே கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும். ஆகவே இந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் தெருமுனையில் விழா எடுக்காதீர்கள், சொல்லிவிட்டேன். எனக்கென்னவோ நம் முறைதான் பிடித்திருக்கிறது. திட்ட நினைப்பவர்களுக்குக் கமென்ட் பெட்டி திறந்தே இருக்கிறது.

(திரையில்: அமெரிக்க உச்ச நீதிமன்றக் கட்டடம்.)

சரி, அங்கே எதிர்ப்பாக எரித்தால்? 1984இல் டாலஸ் நகரப் போராட்டத்தில் கிரெகரி லீ ஜான்சன் ஒரு கொடியை எரித்தார். ஓராண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். 1989இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், அது கருத்துரிமை, தண்டனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கொதித்துப்போன நாடாளுமன்றம் அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டது. அதில் ஒரு விலக்கு: நைந்த, அழுக்கான கொடியை அப்புறப்படுத்துவதற்கு இது பொருந்தாது! அதே தீதான், ஆனால் கொடி பழசாக இருக்க வேண்டும். அந்தச் சட்டமும் 1990இல் நீதிமன்றத்தில் விழுந்தது.

அந்த டாலஸ் வழக்கில் ஒரு சின்னத் தகவல் தீர்ப்பிலேயே இருக்கிறது. போராட்டக்காரர்கள் கலைந்த பிறகு, எரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மிச்சமிருந்த துண்டுகளைப் பொறுக்கியெடுத்துப் போய், தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். ஜான்சனை விடுவித்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னன், கொடி எரிப்புக்குத் தகுந்த பதில் எது என்று சொல்லவந்த இடத்தில் இந்த மனிதரையும் காட்டினார்.