வசனம் கேட்டவரின் பசி

நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்.’ இதை எத்தனை முறை கேட்டிருப்போம்! யார் யாரிடம் சொல்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வயிறு நிறைந்தவர், வயிறு காய்ந்தவரிடம் சொல்கிறார். ரிஸ்க், அதாவது இறைவன் உயிர்களுக்கு அளிக்கும் வாழ்வாதாரம் பற்றிப் பேச வரும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான்.

பூமியில் உள்ள எந்த உயிருக்கும் உணவளிப்பது அல்லாஹ்வின் பொறுப்பு என்கிறது குர்ஆனின் 11ஆம் அத்தியாயம், ஹூத். அதில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆனால் நம்மில் பலர் மனப்பாடமாக ஓதும் யாஸீன் அத்தியாயத்தின் 47ஆம் வசனத்தில் சற்று நில்லுங்கள். ‘அல்லாஹ் உங்களுக்கு அளித்ததிலிருந்து செலவிடுங்கள்’ என்று சொன்னால் சிலர் திருப்பிக் கேட்கிறார்களாம்: ‘அல்லாஹ் நாடியிருந்தால் அவனே உணவளித்திருப்பானே, அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் உணவளிப்பதா?’ கேட்பதற்குப் பக்தி போலவே இருக்கிறது. ஆனால் குர்ஆன் இந்தப் பேச்சை யார் வாயில் வைக்கிறது? நிராகரிப்பவர்களின் வாயில்.

என் பசிக்கு நான் அல்லாஹ்வை நம்பிப் பொறுத்திருக்கலாம், அது தவக்குல். அடுத்தவர் பசிக்கும் நான் தவக்குல் வைத்தால் அதற்கு வேறு பெயர்.

இனி, நான் எங்கே பேசினாலும் விடாமல் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில், குடும்பமும் பொருளும் இல்லாத நபித்தோழர்கள் சிலர் தங்கியிருந்தார்கள். திண்ணைத் தோழர்கள் என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருவர் அபூஹுரைரா (ரலி). பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொள்வாராம். வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு படுப்பாராம். ஒருநாள் மக்கள் வந்துபோகும் வழியில் உட்கார்ந்தார். நபியின் நெருங்கிய தோழர் அபூபக்ர் (ரலி) வந்தார். அவரிடம் ஒரு குர்ஆன் வசனத்தைப் பற்றிக் கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை, நேயர்களே. அதைச் சாக்காக வைத்தாவது வீட்டுக்கு அழைத்துப்போய் உணவு தரமாட்டாரா என்று கேட்டார். அபூபக்ர் கடந்து போய்விட்டார். அவரைப் போலவே நெருங்கிய தோழரான உமர் (ரலி) வந்தார். மறுபடியும் வசனம். அவரும் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். உணவு கொடு என்று கேட்க நாக்கு கூசிய ஒருவர் வசனத்தைக் கேட்கிறார். அத்தனை பெரிய மனிதர்களுக்கும் வசனம்தான் கேட்டது, வயிறு கேட்கவில்லை.

அடுத்து நபி (ஸல்) வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள். முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே அன்பளிப்பாக வந்த ஒரு கோப்பைப் பால் இருந்தது. ‘போய்த் திண்ணைத் தோழர்களைக் கூப்பிடு’ என்றார்கள். அபூஹுரைராவுக்கு மனம் கசந்துபோயிற்று. ஒரு கோப்பைப் பால் அத்தனை பேருக்கு எந்த மூலைக்கு என்று நினைத்தாராம். அதை மறைக்காமல் அவரே சொல்லியிருக்கிறார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே அவர்மீது எனக்குத் தனிப் பிரியம். ஆனாலும் அழைத்து வந்தார். அவர் கையாலேயே ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். எல்லோரும் வயிறாரக் குடித்தார்கள். ‘இனி நீயும் நானும்தான். உட்கார், குடி’ என்றார்கள் நபி. குடித்தார். ‘குடி.’ மறுபடியும் குடித்தார். ‘குடி.’ இனி உள்ளே இறங்க வழியே இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான், அல்லாஹ்வைப் புகழ்ந்து, மிச்சத்தை நபி அருந்தினார்கள். கடைசி ஆளாக.

அல்லாஹ்வின் ரிஸ்க் அந்தக் கோப்பையில் பெருகியது. ஆனால் அது திண்ணைக்கு வந்து சேர்ந்தது ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்ததால். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உமரிடம் அபூஹுரைரா பின்னொருநாள் இதைச் சொன்னார். அந்த வசனம் உங்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும் என்றும் சொன்னார். அன்று உம்மை வீட்டுக்குள் அழைத்திருந்தால், அந்நாளின் பெருஞ்செல்வமான செந்நிற ஒட்டகங்கள் கிடைப்பதைவிட அது எனக்கு விருப்பமானதாக இருந்திருக்கும் என்று உமர் வருந்தினார்.

அந்த உமர்தான் கலீஃபாவாக இருந்த ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில், அதாவது 639 வாக்கில், மழை பொய்த்து மதீனாவைப் பஞ்சம் வாட்டியது. சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயர். மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யைத் தொடமாட்டேன் என்றார் உமர். வயிறு இரைந்தபோதும் அசையவில்லை. பசிக்காகத் திருடியவர்களுக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தார்.

நேரம் நெருங்கிவிட்டது. செல்வத்திலிருந்து கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய ஜகாத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 70ஆம் அத்தியாயத்தில் கேட்பவருக்கும் கேட்க இயலாதவருக்கும் செல்வத்தில் இருக்கும் பங்கைக் குறிக்க வரும் சொல் ‘ஹக்’, அதாவது உரிமை. தயவு என்று அங்கே வரவில்லை. கேட்க இயலாதவர் என்ற இடத்தை வாசிக்கும்போது வழியோரம் வசனம் கேட்டு உட்கார்ந்திருந்த அபூஹுரைராதான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

வஸ்ஸலாம்.