விடுதிக் கூரையில் ஒரு குளம்

(ஒரு பள்ளியின் விடுதி நாள் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது ஓர் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "பையன் நல்லா படம் வரைவான் சார். ஹாஸ்டல்ல போட்டா அது போயிடுமோன்னு பயமா இருக்கு." நியாயமான பயம். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படுக்கிற இடம் இது. அந்த அம்மாவுக்கு நான் ஒரு மனிதரின் கதையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1904ல் கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. அதனால் சின்ன வயதில் பள்ளிப் படிப்பு சரியாக அமையவில்லை. 1917ல் அவரை வங்காளத்துச் சாந்திநிகேதனில் சேர்த்தார்கள். 1901ல் ஐந்தே மாணவர்களுடன் தாகூர் தொடங்கிய விடுதிப் பள்ளி அது. பள்ளிக்கூடம் என்றாலே பிடிக்காமல் வளர்ந்தவர் தாகூர். அதனால்தானோ என்னவோ, பாடங்களை மரத்தடிக்குக் கொண்டுவந்தார். வகுப்பு நேரம் போக மீதி நேரத்தில் பையன்கள் அந்த மண்ணில் அலையலாம்.

1919ல் அங்கே கலா பவனம் என்ற ஓவியப் பள்ளி தொடங்கியபோது பினோத் பிஹாரியும் சேர விரும்பினார். அங்கே ஆசிரியராக இருந்த நந்தலால் போஸுக்குத் தயக்கம். கண் சரியில்லாத பையன் ஓவியம் கற்று என்ன செய்வான்? விஷயம் தாகூரிடம் போனது. பையனுக்கு ஆர்வம் இருந்தால் விட்டுவிடுங்கள், அவன் வழியை அவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான் அவருடைய முடிவின் சாரம். பெரியவர்கள் ஒரு குழந்தைக்குச் செய்யக்கூடிய பேருதவி இது என்று நான் மனதார நம்புகிறேன்.

சாந்திநிகேதனைச் சுற்றி இருப்பது பீர்பூம் மாவட்டத்துச் செம்மண். மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். கோவாய் என்பார்கள். ஆங்காங்கே தனிப் பனைமரம், நடுவே சந்தால் பழங்குடியினரின் கிராமங்கள். தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாத பையனுக்கு அந்த நிலம் எப்படிப் பிடிபட்டிருக்கும்? நடந்து நடந்துதான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒரே பாதை, ஒரே குளக்கரை. விடுமுறைக்கு வந்துபோகிறவனுக்கு அது காட்சி. அங்கேயே தங்கிப் படிக்கிறவனுக்கு அது காலுக்குப் பழகிவிடும்.

நானும் விடுதிப் பையன்தான். ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். முதல் வாரம் முழுக்க அழுகை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் ட்ரங்க் பெட்டி மூடியின் உட்புறத்தில், சாக்பீஸால் எங்கள் வயல் மோட்டார் கொட்டகையை வரைந்தேன். கதவில் மேல்கீல் பெயர்ந்திருக்கும், அதையும் வரைந்தேன். ஊரில் இருந்தவரை அந்தக் கீலை நான் கவனித்ததே இல்லை. இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது! பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் அழியும், மறுபடி வரைவேன். இன்று நான் ஓவிய ஆசிரியராக இருப்பதற்கு அந்த மூடிதான் முதல் காரணம்.

சரி, பினோத் பிஹாரிக்கு வருகிறேன். படித்த இடத்திலேயே ஆசிரியரானார். 1940ல் கலா பவன விடுதியின் கூரையில் ஓர் ஓவியம் தீட்டினார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி மரங்கள், குடிசைகள், மாடுகள், வேலை பார்க்கிற ஜனங்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், குளத்தைச் சுற்றிவருகிற மாதிரியே இருக்கும். மாணவர்கள் தங்கும் இடத்தின் கூரைக்கு அவர்கள் தினம் நடக்கிற ஊரையே ஏற்றிவிட்டார்.

அடுத்து 1946-47ல் ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் பக்தி இயக்கத்தின் ஞானிகளை வரைந்தார். கபீர், துளசிதாசர், பார்வையற்ற சூர்தாஸ், நம் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் எல்லோரும் அதில் வருகிறார்கள். முழுச்சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாத கண், கையில் மாதிரிப்படமும் கிடையாது. மனதில் இருந்ததைப் பகுதி பகுதியாக ஈரச்சுண்ணத்தில் இறக்கினார். உடன் வேலை செய்த மாணவர்களில் ஒருவர், பின்னாளில் ஓவியராகப் புகழ்பெற்ற கே.ஜி. சுப்ரமணியன். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போனவர், 1944ல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தவர்.

அதற்குப் பத்து வருஷம் போல ஆனபோது, கண் அறுவை சிகிச்சை பலிக்காமல் பினோத் பிஹாரிக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார். எழுபதை நெருங்கும் வயதில் கலா பவனச் சுவருக்குப் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய ஓவியம் செய்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972ல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் கைகளைப் பார்க்கலாம். விரல் தடவி, அளந்து, சரியான இடத்தில் போய் நிற்கும்.

அம்மா, உங்கள் பையன் வரைவது இங்கே வந்ததால் போகாது. அவனுக்கென்று கொஞ்சம் நேரம் இல்லாமல் போனால் போய்விடலாம். அதனால் என் வேண்டுகோள் வார்டன் ஐயாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த மூன்று மணி நேரத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கூடத்தின் பின்சுவர் காரை பெயர்ந்து கிடக்கிறது, வரும்போது பார்த்தேன். ஒரு நாள் பூசி, வெள்ளையடித்து, பக்கத்தில் ஓர் ஏணியையும் சாத்தி வையுங்கள். என்ன வரையப் போகிறார்கள் என்று முன்கூட்டிக் கேட்க வேண்டாம்.