கூண்டில் ஒளிய இடம் உண்டா?

(ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில் முன்வரிசையைப் பிடித்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களிலிருந்து விலங்கும் பறவையும் பார்க்க வேன் பிடித்து வண்டலூருக்கும் திருச்சிக்கும் போவது வழக்கமாகிவிட்டது. அதிலும் ‘புதிதாகத் திறந்திருக்கிறார்களாம்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த வாரமே வண்டி கிளம்பிவிடும். போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். காலில் சூடு, தண்ணீர் பாட்டில் விலை எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு குறை வரும். “காசு கொடுத்து உள்ளே போனோம், பாதிக் கூண்டில் ஒன்றையுமே காணோம். புலி புதருக்குள் படுத்துக்கொண்டு வாலை மட்டும் காட்டியது” என்பார்கள். இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தக் குறையைத்தான்.

என் கட்சி இதற்கு நேர் எதிர். புலிக்குப் புதருக்குள் போய்ப் படுக்க முடிந்தது என்றால், அந்த இடத்தைக் கட்டியவருக்கு நூற்றுக்கு எண்பது மதிப்பெண் போட்டுவிடலாம். மீதி இருபதை மற்றவற்றைப் பார்த்துவிட்டுப் போடுவோம்.

கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். சென்னையில் உயிரியல் பூங்கா 1855-இல் தொடங்கியது. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர்தான் அதற்கு மூலகாரணம். ஆற்காட்டு நவாபு தம்மிடம் இருந்த விலங்குகளை அவரிடம் ஒப்படைத்தார். அருங்காட்சியகத்துக்குள்ளேயே வளர்ந்த அந்தக் காட்சிசாலை பிறகு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பூங்காவுக்கு மாறியது. சென்னைக்காரர்கள் அதற்கு ‘உயிர் காலேஜ்’ என்றும், பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்றும் பெயர் வைத்திருந்தார்கள். கம்பி, அதற்குப் பின்னால் சிமெண்டுத் தரை, அதில் ஒரு சிங்கம். பார்க்கிறவர்களுக்குத் திருப்தி. சிங்கத்தின் ஒரு மயிர்கூட மறைவதில்லை. 1985-இல் எல்லாவற்றையும் வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். அறுநூறு ஹெக்டேருக்கு மேல் காடும் கரடும். கம்பி போய் அகழி வந்தது.

அகழி நம் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்குப் பக்கத்தில் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-இல் ஒரு பூங்காவைத் திறந்தார். சிங்கத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் கம்பியே கிடையாது. தாண்ட முடியாத பள்ளம் ஒன்றைப் பார்வையில் படாதபடி வெட்டியிருந்தார். முதல் நாள் பார்த்தவர்கள் மிரண்டு போயிருப்பார்கள். இன்று உலகம் முழுக்க அதே முறைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹாகன்பெக் கம்பியை மறைத்தது நம் கண்ணிலிருந்து. சிங்கத்துக்குத் தன் எல்லை எங்கே முடிகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். கம்பி இல்லாத இடத்தைப் பார்த்ததும் ‘எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது’ என்று நாம் சொல்வது, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

விலங்கின் பக்கம் நின்று இதை யோசித்தவர் என்று எனக்குத் தோன்றுவது ஹெய்னி ஹெடிகர் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர். பெர்ன், பாசல், ஜூரிக் என்று மூன்று நகரப் பூங்காக்களின் தலைவராக இருந்தவர். ஒவ்வோர் உயிருக்கும் தப்பியோடும் தூரம் என்று ஒன்று உண்டு என்றார் அவர். அந்தத் தூரத்துக்குள் நீங்கள் வந்தால் அது விலகி ஓடும். ஓட இடம் இல்லாவிட்டால் பாயும், இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே நடுங்கும். ஆக, ஒரு கூண்டு எத்தனை சதுர அடி என்பதைவிட, ஆள் வரும்போது அந்த உயிர் பின்வாங்க இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நம் கரையில் பிறந்த பிள்ளைக்கு இதை ஹெடிகர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கரையோரத்தில் நிற்கும் கொக்கின் அருகே எத்தனை எட்டு வைத்தால் அது பறக்கும் என்பது பத்து வயதிலேயே அவனுக்குத் தெரியும்.

மனிதனுக்கு அழகாகத் தெரிவது விலங்குக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. லண்டன் பூங்காவில் 1934-இல் பெங்குவின்களுக்காக ஒரு குளம் கட்டினார்கள். லுபெட்கின் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. கான்கிரீட்டில் இரண்டு சரிவுப் பாதைகள், ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு காற்றில் மிதப்பது போல இறங்கும். கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் இன்றும் அதன் படத்தைப் பார்க்கிறார்கள். பெங்குவின்கள் அந்தக் கான்கிரீட்டில் நடந்து பாதத்தில் புண் பிடித்து அவதிப்பட்டன. 2004-இல் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றியது மாற்றியதுதான், திரும்பவே இல்லை. கட்டடம் மட்டும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக நின்றுகொண்டிருக்கிறது, உள்ளே குடியிருக்க ஆள் இல்லாமல்.

இனிப் பறவைகளுக்கு வருகிறேன். இப்போது புதிதாகத் திறப்பவை பெரும்பாலும் நாமே உள்ளே நடந்துபோகும் பறவைக் கூடங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். அங்கே 1971-இல் தொடங்கிய ஜூரோங் பறவைப் பூங்காவை 2023 ஜனவரியில் மூடிவிட்டு, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் ‘பேர்ட் பாரடைஸ்’ என்ற பெயரில் புதிதாகத் திறந்தார்கள். உள்ளே நடந்து பார்க்கும் பெரிய கூடங்கள் மட்டும் எட்டு. விடுமுறையில் வரும் தம்பிகள் கைபேசியில் காட்டியிருப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்குத் திருச்சி கம்பரசம்பேட்டையில், காவிரிக் கரையில், 2025-இல் ஒரு பறவைப் பூங்கா திறந்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலத்தையும் ஒரே வலைக்குள் காட்டும் அமைப்பு அது. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மண்டபத்திலிருந்து நான்கைந்து மணி நேரம் பயணம் செய்து, டிக்கெட் வாங்கி, நெய்தலைப் போய்ப் பார்க்கும் ஒரே கூட்டம் நாமாகத்தான் இருப்போம்!

இப்படிப்பட்ட கூடங்களில் நுழையும்போது இரண்டு கதவுகள் இருக்கும். முதல் கதவு சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து பிடித்துக்கொண்டு நண்பனைக் கூப்பிடுவார்கள். ஆசிரியர்கள் தயவுசெய்து அங்கே ஒரு கண் வையுங்கள். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். வலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? பறவைக்குப் பின்வாங்கும் திசை பெரும்பாலும் மேலே. நம் தலைக்குச் சற்று மேலேயே வலை முடிந்துவிட்டால், எவ்வளவு பரப்பு இருந்தும் பயனில்லை. பிறகு உட்காரும் கொம்புகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே பருமனில் வழுவழுப்பான குழாய் என்றால் அந்தப் பெங்குவின் கதைதான், பாதத்தில் புண் வரும். மரக்கிளை, தடித்தது, மெலிந்தது, சொரசொரப்பானது என்று கலந்து இருந்தால் யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கிளிகளின் மார்பைப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால், அது தானே பிடுங்கிப் போட்டதாக இருக்கலாம். சலிப்பு தாங்காத கிளி அப்படிச் செய்யும்.

அங்கே பெரும்பாலும் மக்காவ், காக்கட்டூ என்று வெளிநாட்டுப் பறவைகளாகவே இருப்பது ஏன் என்று ஒரு தாய் கேட்டார். காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளியைப் பிடித்து அடைக்க முடியாது. பச்சைக்கிளி வளர்ப்பதும் குற்றமே. அதனால் பறவைக் கூடங்கள் கடல் கடந்த நிறங்களால் நிறைகின்றன. அதே சட்டத்தில் 38-ஜே என்று ஒரு பிரிவு உண்டு. பூங்கா விலங்கைச் சீண்டுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, தீனி போடுவது எல்லாம் குற்றம். குரங்குக்குக் கடலை உருண்டை எறிவதைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் அப்பாக்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலத்து விலங்குகளுக்கு ஒரே ஓர் அடையாளம் சொல்கிறேன். விலங்கைத் தேடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். வேலி ஓரமாகப் புல் தேய்ந்து ஒரே தடம் விழுந்திருக்கிறதா? அது வந்த வழியே திரும்பி, திரும்பிய வழியே வந்து, நாள் முழுக்க நடந்த தடம். பரந்து திரியும் ஊனுண்ணிகள்தான் அடைபட்டால் இப்படி அதிகம் நடக்கின்றன என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். நாம் என்ன நினைக்கிறோம்? ‘அடடா, என்ன சுறுசுறுப்பு!’ என்று வீடியோ எடுக்கிறோம். புதருக்குள் தூங்கும் புலியைச் சோம்பேறி என்று திட்டிவிட்டு, நோய்ப்பட்டு நடக்கும் புலிக்குக் கை தட்டுகிறோம். புதிதாகத் திறந்த இடம் என்றால் விலங்கும் அந்த இடத்துக்குப் புதிது என்பதையும் மறந்துவிடக் கூடாது. திறப்பு விழா வாரத்துக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். சில மாதங்கள் கழித்து, காலை முதல் டிக்கெட்டில், ஐந்தே இடம் பார்த்தால் போதும் என்று போங்கள். ஒவ்வொன்றின் முன்னும் அரை மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். முழுப் பூங்காவையும் ஓடிச் சுற்றியவர் பார்க்காததைப் பார்ப்பீர்கள்.

இனிப் பூநாரை. பல நாட்டுப் பூங்காக்களில் பூநாரைக் குளத்துக்கு மேலே வலையே இருக்காது. சுற்றிலும் முழங்கால் உயர வேலி, நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு கூட்டம். ஏன் பறந்துபோகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. சிறகின் நுனியைக் குஞ்சிலேயே நறுக்கிவிடுவது அங்கே நெடுங்கால வழக்கம். சில நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ஹாகன்பெக் கம்பியைப் பள்ளத்துக்குள் மறைத்தார், இவர்கள் பறவையின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். இன்னொன்று, பூநாரை பெருங்கூட்டமாக இருந்தால்தான் கூடு கட்டும். சின்னக் கூட்டம் வைத்திருக்கும் பூங்காக்கள் குளக்கரையில் நிலைக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கின்றன, கூட்டம் இரட்டிப்பாகத் தெரியட்டும் என்று. இவ்வளவுக்கும் நடுவில் அது நீண்ட காலம் வாழும் பறவை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பூங்காவில் ஒரு பூநாரை குறைந்தது 83 வயது வாழ்ந்து 2014-இல்தான் இறந்தது.

சிறகோடு இருக்கும் பூநாரை தண்ணீரில் சில எட்டு ஓடித்தான் எழும்பும். அதைத் தனுஷ்கோடிப் பக்கம், கோதண்டராமர் கோயில் அருகே உள்ள உப்பங்கழியில் பார்த்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள்.

நம் ஊரிலும் கூண்டு உண்டு என்று இளையவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. இதே மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், ஐம்பதுகளின் கடைசியில் கடல் பசு என்கிற ஆவுளியா ஜோடி ஒன்றைத் தொட்டியில் வைத்து வளர்த்தார்கள். கடல் பசுவைப் பற்றி உலகம் அறிந்துகொண்டதில் அந்தத் தொட்டிக்கும் பங்கு உண்டு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆவுளியாவை அடைத்து வளர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, இன்று உலகத்தில் விரல் விட்டு எண்ணும் இடங்களில் மட்டுமே அது இருப்பதே சாட்சி. நாள் முழுக்கக் கடல் புல் மேய வேண்டிய உயிர் அது. நம் கடலில் ஆவுளியா இருப்பதை எப்படி அறிகிறோம்? உடம்பைப் பார்த்தா? புல் தரையில் அது மேய்ந்துபோன தடத்தைப் பார்த்து. ஆயுசு முழுக்கக் கடலில் இருந்தும் அதை ஒரு முறைகூட உயிரோடு பார்க்காத பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பார்க்கவில்லை என்பதால் அது இல்லை என்று அவர்கள் சொன்னதில்லை. வண்டலூரில் புதருக்குள் இருந்த புலிக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986-இல். அங்கே வேலி விலங்குக்கு இல்லை, நமக்குத்தான். பாசி எடுக்கப் போகும் நம் பெண்களுக்கு அந்த வேலியின் வலி நன்றாகத் தெரியும். அது தனிக்கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம், இந்த மாலை அதற்குப் போதாது.

தனுஷ்கோடிப் பகுதியை 2025 ஜூனில் பெரும் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்தது. சுற்றுலாக் கார்கள் இனி இன்னும் கூடும். இப்போதே என்ன நடக்கிறது? பறவை தெரிந்ததும் வண்டியை நிறுத்தி, சேற்றில் இறங்கி, கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். கூட்டம் எழும்புகிறது, ‘ஆஹா’ என்கிறார்கள். இரை தின்ன வந்த பறவை திரும்பத் திரும்ப எழும்பினால் தின்றது எல்லாம் பறப்பதற்கே போய்விடும். வலை இல்லாத இடத்தில் பறவைக்கு ஒளிய இடம் தூரம் ஒன்றுதான். அதையும் நாம் பிடுங்குகிறோம்.

ஆகவே ஒரு யோசனை. அங்கே சிமெண்டில் கோபுரம் கட்டுவார்களோ, கண்ணாடி மாளிகை கட்டுவார்களோ, தெரியாது. நம் மாவட்டத்தில் பனை ஓலைக்குப் பஞ்சமில்லை, தட்டி பின்னும் கைகளும் இருக்கின்றன. சாலையிலிருந்து சற்று இறங்கி, கழிக்கு எட்ட நின்று, ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டலாம். பெரியவர்களுக்கு ஒரு மட்டத்தில், குழந்தைகளுக்கு ஒரு மட்டத்தில் பார்க்கத் துளை விடலாம். உள்ளே பெஞ்சு போட்டு, உள்ளூர்ப் பிள்ளைகளிடம் ஒரு தொலைநோக்கியும் கொடுத்தால் அவர்களுக்கு வருமானமும் ஆகும். நம் மாவட்டத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரியை ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டுதான் வனத்துறை நடத்துகிறது. அது இங்கே ஏன் முடியாது?

வனத்துறைக்கு அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் மேசை மேல் இருக்கிறது. பறவைகள் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வந்துவிடும், அதற்கு முன் தட்டி எழும்ப வேண்டும். படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடுங்கள். தட்டியை எவ்வளவு தூரத்தில் கட்டுவது என்ற வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். எத்தனை எட்டில் அவை எழும்பும் என்று எனக்குச் சொல்லக்கூடியவர்கள் கரைவலை இழுக்கும் அண்ணன்மார்கள்தான். நன்றி, வணக்கம்.