தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். திருநரும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் தங்கள் உரிமைக்காக நடத்தும் வானவில் சுயமரியாதைப் பேரணியில் காவலர்கள் சீருடையோடு சேர்ந்து நடக்கலாமா? கூடாது என்கிறது எங்கள் அணி.

எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். "புதுச்சேரி போலீஸ் தொப்பி சிவப்பு. வானவில்லிலும் சிவப்பு இருக்கிறது. ஒரு நிறத்தை மட்டும் ஏன் விரட்டுகிறீர்கள்?" சரி அண்ணே, அந்தத் தொப்பிக்கே வருகிறேன்.

எங்கள் தெரு முனையில் திருநங்கை அக்கா ஒருவர் இட்லிக் கடை போட்டிருக்கிறார். ஒரு நாள் காலை, சிவப்புத் தொப்பியோடு இளம் காவலர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை. "அக்கா, நாலு இட்லி" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அக்கா கையில் சாம்பார் கரண்டி. கரண்டி ஆடியது. சாம்பார் இலையில் விழவில்லை, மேசையில் விழுந்தது. துடைத்தார், மறுபடி ஊற்றினார், மறுபடி மேசையில். நாலு இட்லிக்கு மூன்று முறை மேசை துடைத்தார், ஐயா!

ஏன்? இருபது வருஷத்துக்கு முன்னால், வெளியூரில் ஒரு ராத்திரி, பேருந்து நிலையத்தில் நின்றவரைப் பிடித்துப் போய் முடியை வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். வெட்டியது இந்தப் பிள்ளை இல்லை. இவர் அப்போது பால்வாடி போயிருப்பார். அது அக்காவுக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லையே!

"நியூயார்க் போலீஸே மன்னிப்புக் கேட்டாச்சே" என்றும் அண்ணன் சொன்னார். 1969 ஜூன் 28, நியூயார்க்கில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் பாருக்குள் போலீஸ் புகுந்தது. அதை எதிர்த்து எழுந்தவர்கள்தான் மறு வருஷம் பேரணி போனார்கள். அந்த ஊர் போலீஸ் ஆணையர் மன்னிப்புக் கேட்டது 2019-இல். ஐம்பது வருஷம்! அதற்குப் பிறகும் 2021-இல் அங்கே பேரணி அமைப்பாளர்கள், போலீஸ் குழுவாக அணிவகுக்க வேண்டாம் என்றார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில், திருநரையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் காவலர் துன்புறுத்தக் கூடாது என்று நடத்தை விதியில் எழுதியது 2022-இல்தான்.

ஓரத்தில் நின்று பாதுகாப்புக் கொடுக்கட்டும், டிராஃபிக் பார்க்கட்டும். அது அவர்கள் வேலை. வரிசைக்குள் வருவது வேறு.

மறுநாளும் அந்தப் பிள்ளை வந்தார். கைலி, டி-ஷர்ட். அக்கா நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா?" "நேத்து வந்தேனே அக்கா." அதே ஆள், அதே மேசை. அக்கா சாம்பார் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. கேட்காமலே ஒரு வடையும் வைத்தார்.

கடற்கரைச் சாலையில் பேரணி போகிற அன்று அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அந்தத் தம்பி இந்தக் கூட்டத்தில் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன். எங்களோடு நடக்க வாங்க தம்பி. அந்தக் கைலியோடவே வாங்க.