ஒரு மாட்டுக்கு எத்தனை ஏக்கர்?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு என்றதும் நியூயார்க், கலிபோர்னியா என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறத்தான் போகிறீர்கள். நான் பேச வந்தது நெப்ராஸ்கா மாநிலத்தின் வட எல்லையில் இருக்கும் ஒரு கவுன்டியைப் பற்றி. பெயர் செர்ரி. பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாமுவேல் செர்ரி என்று ஒரு ராணுவ லெப்டினன்ட், அங்கே நையோப்ரரா கோட்டையில் இருந்தார். 1881-ல் கொள்ளையரைத் தேடிப் போன வழியில், கூடவே வந்த சிப்பாய் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். 1883-ல் கவுன்டி உருவானபோது அவர் பெயரையே வைத்தார்கள்.

கவுன்டியை நாம் மாவட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். இந்த மாவட்டத்தின் பரப்பு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். கனெக்டிகட் என்கிற முழு மாநிலத்தையும் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். மக்கள்? 2020 கணக்கெடுப்பில் 5,455 பேர். அதிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தலைநகரமான வேலன்டைனில் இருக்கிறார்கள். பசுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். தலைக்கு இருபத்தேழு மாடு என்று வருகிறது. இறைச்சிக்கான கன்றுகளை ஈனும் பசுக்களில் அமெரிக்காவின் முதல் கவுன்டி இதுதான். இன்னொரு வேடிக்கை, நேர மண்டலக் கோடு இந்தக் கவுன்டியின் குறுக்கே போகிறது. கிழக்கே பத்து மணி என்றால் மேற்கே ஒன்பதுதான். கூட்டத்துக்கு நேரம் குறித்தால் "யாருடைய பத்து மணி?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பெரிய நிலத்தில் ஏன் இவ்வளவு குறைவான ஆட்கள்? இதற்குப் பதில் காலுக்குக் கீழே இருக்கிறது. அந்த மண்ணுக்கு சாண்ட்ஹில்ஸ் என்று பெயர், மணற்குன்றுகள். நெப்ராஸ்காவில் நாலில் ஒரு பங்கு நிலம் இதுதான். நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, முப்பது கிலோமீட்டர் வரை நீண்டு கிடக்கும் குன்றுகளும் இதில் உண்டு. கிட்டத்தட்ட பாலைவனம் மாதிரியே காற்று குவித்த மணல். ஆனால் மேலே புல் மூடியிருக்கிறது, அந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்காவது புல் கிழிந்தால் காற்று உள்ளே புகுந்து மணலை அள்ளி எறிந்து பெரிய குழி ஆக்கிவிடும். அதை அடைக்கப் பண்ணைக்காரர்கள் பழைய டயர்களைக் கொண்டு போய்ப் போடுவதும் உண்டு. பென்ஸ்டிமன் என்கிற பூச்செடி வகையில் ஒரு செடி இப்படிப்பட்ட குழிகளில்தான் வளரும். புல்லைக் காப்பாற்றக் காப்பாற்ற அந்தச் செடி அருகிப்போய், 1987-ல் அழியும் நிலையிலுள்ள தாவரங்களின் பட்டியலில் சேர்ந்தது. நல்லது செய்யப் போய் இன்னொன்றுக்குக் கெட்டதாக முடிகிற கதை.

மணல் என்றால் வறட்சி என்று நினைப்போம். இங்கே நேர்மாறு. பெய்கிற மழை ஓடிப் போகாமல் அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. அடியில் இருப்பது ஓகலாலா நீர்த்தாங்கி, அமெரிக்காவின் பெரிய நிலத்தடி நீர்க் கிடங்கு. குன்றுகளுக்கு நடுவே பள்ளங்களில் அந்த நீரே ஏரியாக எட்டிப் பார்க்கிறது. மற்ற இடங்களில் தண்ணீர் இறைக்கும் காற்றாலை ஒன்றை நட்டால் போதும், மாட்டுக்குத் தொட்டி நிரம்பும். தண்ணீர் உண்டு, புல் உண்டு, ஏர் மட்டும் ஓட்டக்கூடாது.

இது வாஷிங்டனில் சட்டம் போட்டவர்களுக்குப் புரியவில்லை. 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் இலவசம் என்றது. ஈரப்பதமுள்ள கிழக்குப் பகுதிக்கு அது சரி. சாண்ட்ஹில்ஸில் ஒரு பசுவும் கன்றும் வருடம் முழுக்க மேய பத்து முதல் இருபது ஏக்கர் வரை வேண்டும். 160 ஏக்கரில் எட்டு மாடோ பதினாறு மாடோ வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும்?

அதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கொடுத்தார்களே, அது யாருடைய நிலம்? லக்கோட்டா என்கிற பழங்குடி மக்கள் வேட்டையாடிய மண் அது. அவர்களை வடக்கே, இன்றைய தெற்கு டகோட்டாவில் இருக்கும் ரோஸ்பட் என்கிற, பழங்குடிகளுக்கென ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளிவிட்டு, அவர்களைக் கண்காணிக்கத்தான் நையோப்ரரா கோட்டையையே கட்டினார்கள். ஒதுக்கிடத்தின் எல்லை வேலன்டைனிலிருந்து சில மைல்தான். கவுன்டியின் பழங்குடி மக்களில் பலருக்கு உறவு முறையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

மாட்டுக்காரர்கள்கூட முதலில் மணற்குன்றுக்குள் போகப் பயந்தார்கள். உள்ளே போன மாடு திரும்பாது என்பது பேச்சு. 1879-ல் ஒரு பனிப்புயலில் மந்தைகள் குன்றுகளுக்குள் ஓடிவிட்டன. தேடிப் போன ஆட்கள் செத்த மாட்டை எதிர்பார்த்தார்கள். கண்டதோ கொழுத்த மாடுகள்! முன்னால் தொலைந்தவையும் கன்று ஈன்று பெருகி, சொந்தக்காரரின் அடையாளச் சூடு போடாத மாடுகளாகத் திரிந்தன. அவ்வளவுதான், பெரிய பண்ணைகள் உள்ளே வந்து அரசு நிலத்தையே வேலி போட்டு வளைத்தன. ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் இதில் பேர் போனவர். மோசடியாக நிலம் பதிந்த சதிக்கு 1906-ல் தண்டிக்கப்பட்டு, 1911-ல் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மண்ணில் சின்னப் பண்ணை நிற்காது என்கிற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் மோசஸ் கின்கெய்டுக்கும் அது பாதி தெரிந்திருந்தது. அவர் கொண்டுவந்த 1904 சட்டம் மேற்கு நெப்ராஸ்காவில் 160-ஐ 640 ஆக்கியது. சனங்கள் அலையலையாக வந்தார்கள். மரம் கிடையாது, புல்தரையையே செங்கல் மாதிரி வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். அடுப்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மேய்ச்சலில் காய்ந்து கிடந்த எருவைப் பொறுக்கி எரித்தார்கள். நம் பாட்டிமார் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தால் அந்த வாசனை ஒன்றாவது பழகியதாக இருந்திருக்கும்.

அந்த அலையில் வந்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். 1907-ல் வடக்கு லூப் ஆற்றங்கரையில், பிரவுன்லீ ஊருக்கு மேற்கே, கறுப்பின மக்கள் நிலம் பதிந்து ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். டெவிட்டி என்று பெயர். நெப்ராஸ்காவில் கறுப்பின விவசாயிகளின் பெரிய குடியிருப்பு அதுதான். வந்தவர்களில் சிலருடைய முன்னோர் அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போனவர்கள். பேரப்பிள்ளைகள் நிலம் தேடித் திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், தேவாலயம் வைத்தார்கள், பேஸ்பால் அணி வைத்தார்கள். தபால் நிலையத்தின் பெயரைப் பிறகு ஆடேஷியஸ் என்று மாற்றினார்கள், அதாவது துணிச்சல்காரன். தபால் முத்திரையில் இப்படி ஒரு பெயர் இருந்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

துணிச்சல் போதவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 640 ஏக்கரில் 32 மாடு, ரொம்ப நல்ல நிலமானால் 64. சோளம் போட உழுதவர்களின் மணல் பறந்தது. முதல் உலகப் போர் முடிந்து விலைகள் விழுந்தன. டெவிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு நகரங்களுக்குப் போனார்கள், 1930-களில் ஊரே இல்லாமல் போனது. கின்கெய்டு சட்டத்தில் நிலம் பெற்ற வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோருக்கும் இதே கதிதான். விற்ற நிலத்தைப் பக்கத்துப் பண்ணை வாங்கிக்கொண்டது. 1920-ல் 11,753 பேர் இருந்த கவுன்டி, நூறு வருடத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இன்று பல்லாயிரம் ஏக்கர் பண்ணை அங்கே சாதாரணம். காலியான நாடு என்று கார் கண்ணாடி வழியே பார்ப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அது காலியாகத் தோன்றவில்லை. இந்தப் புல் இத்தனை பேரைத்தான் தாங்கும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க நூறு வருடமும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் ஆனது, அவ்வளவுதான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நையோப்ரரா ஆற்றின் ஒரு பகுதி 1991 முதல் தேசிய அளவில் பாதுகாக்கப்படுகிறது. கோடையில் படகு விட வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். வேலன்டைனுக்கு எட்வர்ட் வேலன்டைன் என்கிற காங்கிரஸ் உறுப்பினரின் பெயர், காதலர் தினத்தோடு ஒரு தொடர்பும் கிடையாது. இருந்தாலும் பிப்ரவரியில் தபால் முத்திரைக்காகவே நாடெங்கிலுமிருந்து அங்கே கடிதங்கள் வருகின்றன. ஊர்க்காரர்களும் விடவில்லை, நடைபாதையில் சிவப்பு இதயம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

மேற்கே கோடி என்று ஒரு ஊர், இருநூறு பேர்கூட இல்லை. அங்கே மளிகைக் கடை இல்லாமல் போனது. ஒரு பால் பாக்கெட்டுக்கு வேலன்டைன் வரை அறுபது கிலோமீட்டர். பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊராரும் சேர்ந்து, வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி ஒரு கடை கட்டினார்கள். 2013-ல் திறந்தார்கள், சர்க்கிள் சி மார்க்கெட் என்று பெயர். கல்லாவில் உட்காருவது, சரக்கு வரவழைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் மாணவர்கள். புல்தரையை வெட்டி வீடு கட்டியவர்களின் ஊரில், வைக்கோலில் கடை.