வெள்ளிக் கை ஏந்திய படை

பெரியோர்களே, நண்பர்களே,

டாங்கிப் படையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். குதிரையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இந்திய ராணுவத்தின் 17-வது குதிரைப் படை, எல்லோரும் சொல்கிற பெயரில் பூனா ஹார்ஸ். குதிரை பெயரில் மட்டும்தான், ஓட்டுவது டாங்கி. ஆனாலும் அங்கே சிப்பாய்க்கு இன்றும் 'சவார்' என்றுதான் பதவிப் பெயர். அவருக்கு மேலே தபேதார், ரிசல்தார். கலெக்டர் ஆபீஸ் தபேதாரையே பார்த்துப் பழகிய நமக்கு, டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கிற தபேதார் கொஞ்சம் புதியவர்தான்.

1817-இல் பூனா ஒப்பந்தப்படி, மராட்டிய ஆட்சியாளரான பேஷ்வா விட்டுக்கொடுத்த வருவாயைக் கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய படை இது. வேடிக்கையைப் பாருங்கள்: 1818 ஜனவரி 1-ஆம் தேதி கோரேகாவில் அதே பேஷ்வாவின் சேனைக்கு எதிராகவே அது நின்றது. யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்று கேட்டால் சங்கடம்தான். அந்தச் சங்கடத்தை மறைத்துவிட்டுப் பாரம்பரியம் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தப் படையின் பெரிய சொத்து ஒரு வெள்ளிக் கை. 1857 பிப்ரவரி 8, பாரசீகத்தில் குஷாப் என்ற இடம். பாரசீகக் காலாட்படை சதுர அணி வகுத்து, நாலாபக்கமும் துப்பாக்கிக் கத்தியை நீட்டி நிற்கிறது. அப்படி நிற்கிற சதுரத்தைக் குதிரைப் படை உடைப்பது மிக அபூர்வம். 3-வது பம்பாய் குதிரைப் படை உடைத்தது. லெப்டினன்ட் மூர் குதிரையோடு கத்திமுனைகள் மேலேயே பாய்ந்தார். குதிரை செத்து விழுந்தது, வாள் ஒடிந்தது. மால்கம்சன் என்ற இன்னொரு அதிகாரி கூட்டத்தை வெட்டிப் பிளந்து வந்து, தன் அங்கவடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவரை வெளியே இழுத்து வந்தார். இருவருக்கும் பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ். அன்று கைப்பற்றிய கொடியின் உச்சியில் இருந்ததுதான் அந்த வெள்ளிக் கை. 'அவர்கள் கைகளுக்கு மேல் இறைவனின் கை' என்ற குர்ஆன் வாசகம் அதில் இருக்கிறது. அந்த பம்பாய்ப் படை 1921-இல் பூனா ஹார்ஸோடு இணைந்தபோது, வெள்ளிக் கையும் கூடவே வந்தது.

ஆங்கிலேயன் சண்டையில் கிடைத்த பொருள் நமக்கு எப்படிப் பெருமை ஆகும்? நியாயமான கேள்வி. என் கணக்கில், பாகிஸ்தானோடு நடந்த 1965, 1971 போர்களில்தான் இந்தப் படை அதற்கு உரிய விலையைக் கொடுத்து அதைத் தனதாக்கிக்கொண்டது.

1965 செப்டம்பர், சியால்கோட் முனை. கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் தாராபூர் ஒரு பார்சி. ஐதராபாத் சமஸ்தானப் படையிலிருந்து வந்தவர். ஃபில்லோராவில் காயம்பட்டார். பின்னால் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். 16-ஆம் தேதி பூட்டூர் டோக்ராண்டியில் உயிர் போகும்வரை முன்னணியில்தான் இருந்தார். நம் நாட்டின் உச்ச போர் வீர விருதான பரம்வீர் சக்கரம் கிடைத்தது.

1971-இல் பசந்தர் நதி. இங்கே நம் பக்கத்துக் கதையும் கலக்கிறது. டிசம்பர் 15 இரவு டாங்கிகள் நதியைத் தாண்ட வேண்டும், வழியெல்லாம் கண்ணிவெடி. அதை அகற்றிப் பாதை போட்டது 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட், அதாவது நம் தென்னாட்டுப் பிள்ளைகள் சேருகிற, ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ். பாதி வேலை முடிந்திருந்தபோது, முன்னால் போயிருந்த காலாட்படை, எதிரி டாங்கிகள் நடமாடுவதாகச் செய்தி அனுப்பியது. கமாண்டர் ஹனூத் சிங் காத்திருக்கவில்லை. அரைகுறையாகத் திறந்த பாதையிலேயே டாங்கிகளை ஓட்டச் சொன்னார். போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் ஜர்பாலில் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால். வயது 21, படையில் சேர்ந்து ஆறு மாதம். டாங்கியின் பெயர் ஃபாமகுஸ்தா. அது குண்டடிபட்டுத் தீப்பிடித்தது. இறங்கி வந்துவிடு என்று ரேடியோவில் உத்தரவு வந்தபோது, பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, டாங்கியை விட்டு வர முடியாது என்று பதில் சொன்னார். அடுத்த அடியில் உயிர் போனது. அதற்குள் அவர் அழித்த எதிரி டாங்கிகள் நான்கு. எதிரே நின்றது பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் என்ற டாங்கிப் படை. அவருக்கும் பரம்வீர் சக்கரம். ஒரே டாங்கிப் படைக்கு இரண்டு.

மேடைகளில் அருணின் பெயர் கட்டாயம் வரும், வர வேண்டியதுதான். ஆனால் அந்த இரவு கண்ணிவெடி நிலத்தில் வேலை செய்த சாப்பர்களை யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய அதிகாரி மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அந்தச் சண்டையில் உயிரை விட்டார். பரம்வீருக்கு அடுத்த விருதான மகாவீர் சக்கரம் பெற்றார். டாங்கிப் படையின் வரலாற்றில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு என்பது என் கட்சி.