பித்தளை உறைகளைத் துலக்கும் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

நேயர்களுக்கு வணக்கம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் உரிமம் பெற்ற குறிசுடும் வீரர்கள், உறைகளைத் துலக்கக் கருவி வாங்கப் புறப்படும்போது, எது அதிகம் பளபளக்க வைக்கும் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். உறை மின்னுவதால் குறி கூடிவிடாது. ஒட்டியிருக்கும் மணல் துகள், உறையைப் பழைய அளவுக்கு இறுக்கும் எஃகு அச்சைக் கீறிவிடக் கூடாது. கழுத்தில் விழுந்த மயிரிழை விரிசல் கரிப்படலத்துக்கு அடியில் மறைந்துவிடக் கூடாது. துலக்குவது முக்கியமாக இவற்றுக்காகத்தான். இந்த அளவுக்கு எந்தக் கருவியும் துலக்கிவிடும் என்பதால், பின்னால் மிஞ்சும் தூசியையும் நீரையும் என்ன செய்யப் போகிறோம் என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும் என்பேன்.

அதிர்வுக் கலன் எளியது. மக்காச்சோளத் தக்கைத் தூளையோ வால்நட் ஓட்டுத் தூளையோ நிரப்பிச் சில மணி நேரம் ஓடவிட்டால் வெளிப்புறம் துலங்கிவிடும். உலர்த்தும் வேலை இல்லை. ஆனால் உறையின் அடியில் பொருத்தி, அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் பிரைமர்; பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. அது வெடித்தபின் தங்கும் கரியோடு ஈயமும் தூளில் கலந்து, மூடியைத் திறக்கும்போதும் சலிக்கும்போதும் காற்றில் பறக்கும். காற்றோட்டமான வெளியிடமும் முகக்கவசமும் இல்லாதவருக்கு இக்கருவி ஏற்றதல்ல. குழந்தைகள் புழங்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு நீரில் உருளும் உருளைக் கலனில் தூசி பறப்பதில்லை. பழைய பிரைமரைக் கழற்றிவிட்டுப் போட்டால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசிகள் உறையின் உட்புறத்தையும் பிரைமர் குழியையும் சுரண்டி எடுத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் சில துளிகளும் சிட்டிகை சிட்ரிக் அமிலமும் போதும். அமிலம் மிகுந்தாலோ நெடுநேரம் ஊறினாலோ, ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட அந்தப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, உறை இளஞ்சிவப்பாகிவிடும். அளவுக்கு மீறி உருட்டினால் வாய் விளிம்பு அடிபட்டு மழுங்கும். ஒவ்வோர் உறையையும் விளக்கொளியில் பிடித்து உள்ளே பாருங்கள்; பிரைமரின் தீ உள்ளே பாயும் அடித்துளையில் ஓர் ஊசி குறுக்கே சிக்கி நிற்பது அபூர்வமல்ல. அதன்பின் முழுக்க உலர்த்த வேண்டும். பிரைமர் குழியில் தங்கும் ஈரம் அடுத்த பிரைமரைக் கெடுக்கும். சமையலுக்குரிய அடுப்பை இதற்குத் தொடாதீர்கள். கழுவிய நீரிலும் ஈயம் இருப்பதை மறக்க வேண்டாம்.

காதுக்குக் கேட்காத ஒலியலைகளால் நீரை அதிரவைக்கும் மீயொலிக் கலன் இடுக்குகளை நன்றாகத் துலக்கும், மெருகு தராது. கொஞ்சம் உறைகளே வைத்திருப்பவருக்கு அது போதுமானது. எந்தக் கருவியானாலும் நிரப்பிய தோட்டாவை அதில் போடக் கூடாது.

மெருகூட்டும் திரவம் வாங்குகிறவர்கள் அம்மோனியா கலந்ததைத் தவிர்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, உருவாக்கும்போதே உட்தகைவு (உள்ளே தேங்கிய இறுக்கம்) தங்கிய பித்தளையைத் தாக்கியதே காரணம் என்பது 1921-இல் விளக்கப்பட்டது. வீட்டுப் பித்தளைச் சாமான்களுக்கென விற்கும் சில மெருகுத் திரவங்களில் இதே அம்மோனியா உண்டு. குப்பியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.